அண்ணனிடம் பூக்கட்டிக் கேட்டது

அந்த இங்கிலீஷ் நாடகத்தைப் படிக்கிற ஒவ்வொருவனும் தன்னை அந்த இளவரசனாகத்தான் நினைத்துக்கொள்வான். கறுப்பு உடை, வெளிறிய முகம், எதையும் உடனே செய்யாமல் தள்ளிப்போடுகிற அழகு. எனக்கும் தள்ளிப்போடுவதில் நல்ல தேர்ச்சி உண்டு. ஆனாலும் நான் அந்த நாடகத்தைத் திறக்கும்போதெல்லாம் இளவரசன் பக்கத்தில் போய் நிற்கமுடியாமல் போயிற்று. எனக்கு ஒதுக்கப்பட்டிருந்தது சித்தப்பா வேஷம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ராஜா செத்துப்போகிறார். அவருடைய தம்பி, அண்ணன் பட்டத்தையும் அண்ணன் பெண்டாட்டியையும் கையோடு எடுத்துக்கொள்கிறான். செத்த ராஜா ஆவியாக வந்து, தூங்கும்போது என் காதில் விஷம் ஊற்றிக் கொன்றவன் உன் சித்தப்பாதான் என்று மகனிடம் சொல்கிறார். மிச்சம் நான்கு மணி நேரம் மகன் யோசிக்கிறான்.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் டியூட்டராக இருந்தேன். எங்கள் பக்கம் இன்னும் திருவிதாங்கூரோடு இருந்த காலம். நாடகத்தை நடத்துவது பெரிய புரொபசர். வசனம், அழுகை, கத்திச்சண்டை எல்லாம் அவருக்கு. எனக்குக் கொடுத்தது ‘சரித்திரப் பின்னணியும் அக்கால நம்பிக்கைகளும்’. கல்யாண வீட்டில் எச்சில் இலை எடுக்கிற வேலை மாதிரி. யாராவது செய்யவேண்டும், யாரும் பார்க்கமாட்டார்கள்.

நூலகத்தில் அதற்கு ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதில் பாதியைக் கரையான் எனக்கு முன்பே படித்திருந்தது. மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தவன் என் அறைத்தோழன், சரித்திர வகுப்பு எடுப்பவன். கடற்கரை ஊர்க்காரன், கத்தோலிக்கன். அவன் முன்னோர்கள் ஞானஸ்நானம் வாங்கின காலத்துக்குப் பிற்பாடு எழுதின நாடகந்தான் அது என்பதில் அவனுக்கு ஒரு மூப்பு உண்டு.

“மக்கா, இதுல பெரிய சூத்திரம் ஒண்ணும் இல்ல, கேட்டியா,” என்று கட்டிலில் மல்லாந்துகொண்டு ஆரம்பித்தான். “இங்கிலாந்துல ஒரு ராசா. செத்துப்போன அண்ணனுக்க பெண்டாட்டியக் கெட்டினான். ரோம்ல போயி ஒப்புதல் வாங்கித்தான் கெட்டினான். பெறவு அவளுக்கு ஆம்பளப் பிள்ள நிக்கல. ஒடனே ராசாவுக்கு வேதத்துல ஒரு வசனம் ஓர்ம வந்திட்டு. அண்ணன் பெண்டாட்டியத் தொட்டா பிள்ள இருக்காதுன்னு.”

“கட்டும்போது அந்த வசனம் இல்லையோ?”

“இருந்தது. அதே வேதத்துல அண்ணன் பிள்ளையில்லாமச் செத்தா தம்பி கெட்டணும்னும் இருக்கு. எது வேணுமோ அதத் தேடி எடுத்துக்கலாம். ரோம் விடமாட்டேன்னு சொல்லிட்டு. ராசா சபையவே மாத்திட்டான். ஒரு பொம்பளைய விடதுக்கு ஒரு நாட்டுக்க சாமியையே மாத்தினான்லே.”

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாடகத்துக்குத் தேவை. யார் யாரைக் கட்டக்கூடாது என்று ஓர் அட்டவணை போட்டு ஒவ்வொரு கோயிலிலும் தொங்கவிட்டார்கள். அதில் அக்கா மகளும் உண்டு. மதுரைப் பக்கம் தொங்கவிட்டிருந்தால் தாய்மாமன்களே கோயிலைக் கொளுத்தியிருப்பார்கள். அண்ணன் மனைவியும் அதில் உண்டு. அந்த நாடகத்தைப் பார்க்கப் போனவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். மேடையில் தம்பி அண்ணன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போதே அவர்களுக்கு அட்டவணையில் அந்த வரி ஞாபகம் வந்திருக்கும்.

இரண்டாவது, உத்தரிக்கிற ஸ்தலம். மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில், பாவம் தீர வெந்துகொண்டிருக்கிற இடம். அங்கே இருக்கிற ஆத்துமாக்களுக்காகப் பூசை வைத்தால் சீக்கிரம் கரையேறலாம். அது கிடையாது என்று புதிய சபை தீர்த்துச் சொல்லிவிட்டது. பூசைகளையும் நிறுத்திவிட்டார்கள்.

“அப்போ அதுவரைக்கும் அங்க இருந்தவங்க எங்க போனாங்க?” என்று கேட்டேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். “அதாம்லே உன் நாடகம். ஆபீசை மூடிட்டானுவ. மனுவக் கையில வச்சுக்கிட்டு வெளிய நிக்கான் பாத்தியா, அவன்தான் அந்த ஆவி. பழைய ஆளுவ பாத்தா ஆத்துமா. புதிய ஆளுவ பாத்தா, செத்த ஆத்துமா வரமுடியாதே, அப்பொ அப்பன் வேஷத்துல வந்த பிசாசு. வைத்தியன் பாத்தா கறுப்புப் பித்தம் தலைக்கேறின மயக்கம். எதுன்னு தெரியாமத்தான் அந்தப் பய கெடந்து உருளுகான்.”

தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னான்: “எங்கப்பன் கடல்லதான் போனாரு. சாவுக்கு முன்ன சாமியார் குடுக்க அவஸ்தை பூசுதல் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆத்துமாக்கள் திருநாளுக்கு நான் பூச வைக்கிறது எதுக்குன்னு நெனச்ச? எங்க ஆபீசு தெறந்துதான் இருக்கு.”

இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பையன்கள் எழுதிக்கொண்டார்கள். காதில் விஷம் ஊற்றுகிற இடத்தில் மட்டும் தடுக்கினேன். காது உடம்புக்கு ஒரு திறந்த வாசல் என்று அக்காலத்து வைத்தியர்கள் நம்பினார்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அடுத்ததற்குத் தாவினேன். என் அண்ணனுக்குக் காதுவலி உண்டு. சொந்த ஊர் பூதப்பாண்டிக்கு நான் போகும் சனிக்கிழமைகளில் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் அவன் காதில் ஊற்றியது நான்தான். அவன் செத்தது அதனால் அல்ல. ஐப்பசி மழையில் குளத்துக் கரை உடைந்தபோது ஊரோடு சேர்ந்து இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றான். காய்ச்சல் வந்தது. நான் பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் எதுவும் செய்யவில்லை. குற்றப்பத்திரிகை எழுதினால் அந்த ஒரு வரிதான் இருக்கும். அண்ணன் வயல் சேற்றில் நின்றான், அதனால் நான் காலேஜ் பெஞ்சில் உட்கார்ந்தேன். அண்ணன் தண்ணீரில் நின்றான், நான் அந்நேரம் பின்னணி தயாரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மாவும், அண்ணன் மனைவியும், ஐந்து வயதுப் பெண்பிள்ளையும் இருந்தார்கள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். மைனிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என்னைத் தம்பி என்று கூப்பிடுவாள், ஆனால் நீங்க போட்டுத்தான் பேசுவாள். அண்ணன் இருக்கும்போது நான் அவளைத் தப்பாக ஒரு பார்வை பார்த்ததில்லை. சத்தியம் செய்வேன். சத்தியம் செய்ய ஏன் இத்தனை அவசரம் என்று உள்ளேயிருந்து ஒருவன் கேட்பான்.

அண்ணனுக்கு ஆண்டுத் திவசம் கழிந்த மார்கழியில் மைனியின் அண்ணன் தக்கலையிலிருந்து வந்தார். மலஞ்சரக்குக் கடைக்காரர். மிளகை நிறுத்துப் பார்க்கிற மாதிரியே பேசுவார். தங்கைக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறாராம். தாலுகா ஆபீசில் வேலை, முதல் மனைவி இல்லை, வளர்ந்த பிள்ளைகள்.

“தாலி அறுத்தவள மறுபடி கெட்டிக்குடுக்கது, அறுத்துக்கெட்டு, நம்மள்ல இல்லாத வழக்கமா? படிச்ச பயலுவளுக்குச் சொல்ல நாணம், அம்புடுதான். ஆனா பிள்ளைய இங்கதான் விடணும். அவங்க வீட்டுல இன்னொரு பெண்பிள்ள ஏறாதுன்னு சொல்லிட்டாவ. தை அமாவாச கழிஞ்சதும் கூட்டிட்டுப் போக வாறேன்.”

மைனி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை அவள் சேலை முந்தானையைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தது. மைனி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. யாரும் அதையும் சொல்லவில்லை.

அண்ணனின் அந்த மைத்துனர் பஸ் ஏறிப்போன பிறகு அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

“லேய், பிள்ளைய விட்டுட்டுப் போனா அவ செத்துப்போவா. நீதான் ஒண்ணு செய்யணும்.”

“நான் என்ன செய்ய?”

“நீ கெட்டிக்கோ.”

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதை மழுப்ப வழியில்லை. குப்பென்று ஒரு சந்தோஷம், தீபாவளிக்குப் புதுச்சட்டை கண்ட பயலைப் போல. பாவம் என்ற சொல் அதற்குப் பிறகுதான் வந்தது. அண்ணனின் சாம்பல் கரைந்த பழையாற்றுத் தண்ணீரில் காலையில்தான் குளித்துவிட்டு வந்திருந்தேன்.

“அம்மா, அது பாவம்.”

“எந்த ஊருல?”

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன். உண்மையான பதில், இங்கிலாந்தில்.

“உங்க தாத்தா கெட்டினது யாரன்னு நெனச்ச? அவருக்க அண்ணன் பெண்டாட்டியத்தான். அந்த வழியில வந்த பயலுக்குப் பாவமாம் பாவம். இதெல்லாம் அந்தக் காலேசுலதான் சொல்லிக்குடுக்கானா?”

காலேசில் சொல்லிக்கொடுப்பவனே நான்தான் என்பதை அம்மாவுக்கு எப்படி விளக்குவது. எங்கள் ஊரில் பாவமாக இல்லாத ஒன்றைப் பாவம் என்று நான் அறிந்துகொண்டது இங்கிலீஷில். அதற்குச் சம்பளம் வேறு.

நாகர்கோவிலுக்குத் திரும்பினால் அங்கே அந்த ஆவி காத்திருந்தது. நாடகத்தில் அது இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு வரும். அண்ணன் வந்தால் கோவணமும் தலையில் துவர்த்து முண்டுமாக, தோளில் மம்பட்டியோடு வருவான். கேள்வி ஒன்றும் கேட்கமாட்டான். முற்றத்தில் காலைக் கழுவிவிட்டு, ‘சாப்பிட்டியாலே?’ என்பான். அதுதான் எனக்குத் தாங்காது. பித்தமாக இருக்கலாமென்று இஞ்சிக் கஷாயம் குடித்துப் பார்த்தேன். வயிறு சரியாயிற்று. மற்றது அப்படியே இருந்தது.

நண்பனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உனக்கு இஷ்டம் இருக்கா?”

“அதுதானே தொந்தரவு.”

“இஷ்டம் இல்லாமக் கெட்டினா தர்மம். இஷ்டத்தோட கெட்டினா பாவம். உன் கணக்கு இதானே? மக்கா, அந்த இங்கிலீசு ராசா எவ்வளவோ தேவலாம்.”

ஆனால் எனக்கு அண்ணனிடம் கேட்டாகவேண்டும் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் ஒரு காரியத்தில் சம்சயம் வந்தால் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி விளக்குக்கு முன் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். சுசீந்திரத்திலும் கேட்கலாம், குமரியம்மனிடமும் கேட்கலாம். செத்தவனிடம் யாரும் கேட்பதில்லை. அது எனக்குத் தெரியாமலில்லை. நாடகத்தில் மூழ்கியவனுக்கு அந்த நேரத்தில் சாமிகள் யாரும் போதவில்லை.

தை அமாவாசையன்று கன்னியாகுமரியில் அண்ணனுக்கு எள்ளும் சோறும் வைத்துப் பலி போட்டுக் கடலில் முங்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். உள்ளறையில் அண்ணனின் வேட்டியை மடித்து வைத்து, விளக்கேற்றி, இலைபோட்டு, அவியலும் புளிசேரியும் அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடும் விளம்பியிருந்தாள் அம்மா. அமாவாசைக்கு மீனா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, “பட்டினியாவா திரும்பிப் போவான்?” என்றாள். செத்தவர் வந்து சாப்பிடக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைத்துவிட்டுத் திறந்தோம். நான் மடியிலிருந்து வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்புத் தெச்சிப்பூவையும் எடுத்தேன்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. “செத்தவன்கிட்டப் பூக்கெட்டிக் கேக்கப்பிடாதுலே.”

“ஏன்?”

“சாமின்னா சரிம்பாரு, வேண்டாம்பாரு. செத்தவன் எப்பவும் வேண்டாம்னுதாம்லே சொல்லுவான். அவனுக்கு இங்க உள்ளது எல்லாம் வேணும்.”

அம்மா சொல்லை நான் கேட்கவில்லை. நானே இலை கிழித்தேன், நானே கட்டினேன், கண்ணை மூடிக் குலுக்கி விளக்கடியில் போட்டேன். பிள்ளையைக் கூப்பிட்டு, “மக்களே, ஒண்ணு எடு,” என்றேன்.

“உள்ள என்ன இருக்கு சித்தப்பா?”

“பூ.”

“எனக்கா?”

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். அவள் ஒன்றை எடுத்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். சிவப்பு. அழகாயிருக்கிறது என்று தலையில் வைத்துக்கொண்டாள்.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போது வந்ததைச் சொன்னால் நீங்கள் நம்புவீர்களோ என்னவோ, அது ஒரு நிம்மதி. தண்டனை கிடைத்த நிம்மதி. என் சந்தோஷத்தை அண்ணன் பார்த்துவிட்டான், கண்டித்துவிட்டான், தீர்ந்தது. மைனியைத் தக்கலைக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை வளர்த்துக்கொண்டு, வருஷாவருஷம் பின்னணி நடத்தி, நல்லவனாகவே செத்துப்போகலாம். அந்த வீட்டில் வேறு இரண்டு பேருக்கு என்ன ஆகும் என்பதை நான் அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை. நினைத்தேன் என்று எழுதினால் பொய்.

அப்போதுதான் மைனி பேசினாள். அவள் இதுவரை இந்த விஷயத்தில் ஒரு சொல் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

“அவிய உயிரோட இருக்கச்சிலயும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லுவாவ.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களக் காலேசுல சேக்கதுக்கு வாத்தியார் வந்து கேட்டப்போ என்ன சொன்னாவ? வேண்டாம்னு. மறாநாளு தகரப்பெட்டி வாங்கிட்டு வந்தது யாரு? எருமை வாங்கதுக்கு வேண்டாம்னாவ, பெறவு வாங்கினாவ. என்னையப் பாத்துட்டே மொதல்ல வேண்டாம்னுதானே சொல்லியிருக்காவ. அத்தைகிட்டக் கேளுங்க.”

அம்மா மூக்கைச் சிந்தினாள். “ஆமலே. ‘வேண்டாம், கறுப்பா இருக்கா’ன்னான். மறாநாளு அவனே கொட்டாரம் ஊருக்குப் போயி தட்டான்கிட்ட தாலிக்குச் சொல்லிட்டு வந்து நிக்கான்.”

“அவியகிட்ட எதயும் ரெண்டு தடவ கேக்கணும்,” என்றாள் மைனி. “ஒரு தடவ கேட்டுட்டு எந்திரிச்சா அது கேட்டதாவே ஆகாது.”

இரண்டு தடவை கேட்பது கள்ளத்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் சொன்னது உண்மை. அந்த வேண்டாமின் தொனிகூட என் காதில் இருக்கிறது, வாயில் வெற்றிலையோடு, தலையை நிமிர்த்தாமல். ஒரு வருஷமாக நான் கட்டியழுத ஆவி ஏதோ ஒரு நாடகத்து ராஜா. இவள் பேசிக்கொண்டிருந்தது என் அண்ணனைப் பற்றி.

“இந்தத் தடவ நான் கெட்டுகேன்,” என்றாள்.

மிச்சமிருந்த பூக்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்து இரண்டு பொட்டலங்களை விளக்கடியில் வைத்தாள். நான் கட்டினது போல் கோணலாக இல்லை, கச்சிதமாக இருந்தன. பிள்ளை ஒன்றை எடுத்தது. நந்தியாவட்டை. அதையும் தலையில் வைத்துக்கொண்டது. மற்றப் பொட்டலத்தை மைனி எடுத்துப் போய் வெந்நீர் அடுப்பில் போட்டாள். பிரிக்கவில்லை. பச்சை இலை எரியும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

தக்கலை மைத்துனர் வந்தார், விஷயத்தைக் கேட்டார், கொஞ்சம் நிறுத்துப் பார்த்தார், எடை சரியாக இருந்தது போலிருக்கிறது, ஒரு பொதி சுக்கும் மிளகும் வைத்துவிட்டுப் போனார். மாசியில் வீட்டுக்குள்ளேயே, மேளமில்லாமல் கட்டினேன். பிற்பாடு எங்கள் தாலுகாக்களைப் பிரித்து ஜில்லாவாக்கிச் சென்னை ராஜ்யத்தோடு சேர்த்தபோது ஊரெல்லாம் வெடி போட்டார்கள். எங்களைச் சேர்த்ததற்கு ஓர் ஓலைவெடிகூட இல்லை.

நண்பன் மட்டும் வந்து சாப்பிட்டான். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்த ரெண்டாவது பொட்டலத்துல என்ன இருந்திச்சுன்னு நீ கேக்கலியா?” என்றான்.

“இல்லை.”

“கேக்காததுனால நீயும் கூட்டுதான், பாத்துக்கோ.” பாயசத்தை இலையில் ஊற்றிக்கொண்டு சொன்னான், “நான் உங்க அண்ணனுக்கும் ஒரு பூச சொல்லிருக்கேன். அந்தாளு எங்க ஆபீசுல வராட்டாலும் கெடக்கட்டும்.”

அடுத்த வருஷமும் அதே வகுப்பு, அதே பின்னணி. அட்டவணையைப் பற்றிச் சொல்லும்போது முன் பெஞ்சில் எவனாவது என் கதை தெரிந்தவன் இருப்பானோ என்று முகங்களைத் துழாவுவேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டில் பிள்ளை என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டது. யாரும் திருத்தவில்லை, நான் திருத்தவிடவில்லை. மைனி தம்பி என்பதை நிறுத்தினாள். வேறெதையும் தொடங்கவில்லை. எனக்கும் மைனி என்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிவிடும். இப்படியே ஒருவரையொருவர் கூப்பிடாமல் ஒரு குடும்பத்தை நடத்தலாம் என்று கண்டுபிடித்தோம். நன்றாகவே நடந்தது. நன்றாக நடக்க நடக்க எனக்குள் அந்தக் குடைச்சல் கூடியது. வயல் நன்றாக விளைந்தால்கூட அண்ணன் பார்க்கிறான் என்று தோன்றும்.

ஒரு மழைக்காலத்தில் எனக்குக் காதுவலி வந்தது. எங்கள் குடும்பச் சொத்தில் அதுவும் ஒன்று போலிருக்கிறது. சனிக்கிழமை மதியம். அவள் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். தலையைச் சாய்ச்சுக்கிடுங்க என்றாள். அவள் மடியில் ஒருபக்கமாகப் படுத்துக் காதைக் காட்டினேன். காது ஒரு திறந்த வாசல் என்று நம்பின காலத்தை நான் வருஷம் தவறாமல் நடத்தியவன்.

விரலில் ஒரு சொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு ஊற்றினாள். இளஞ்சூடாக உள்ளே இறங்கியது. அந்தக் காது அடைத்துக்கொண்டதும் உலகம் பாதியாயிற்று.

“அன்னைக்கு,” என்றேன், “அடுப்புல போட்டியே, அந்தப் பொட்டலம்...”

அவள் உள்ளங்கை என் கன்னத்தை அமர்த்திப் பிடித்தது.

“அனங்காமக் கெடங்க,” என்றாள். “எண்ண வெளிய போயிரும்.”